ஊசி நூலால் உயிர் காத்த டாக்டர்

அறுந்த ரத்தக் குழாயைத் தைக்க வழி கண்ட அலெக்சிஸ் கரேல் கதை

1894-ம் ஆண்டு, ஜூன் மாதம் 24-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

பிரான்சு நாட்டிலே லியோன் என்று ஒரு பெரிய நகரம். பட்டு நெசவுக்குப் பேர் போன ஊர். அன்று அந்த நகரம் விழாக்கோலம் பூண்டிருந்தது. அங்கே ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. பிரான்சு நாட்டின் ஜனாதிபதி சாடி கார்னோ அதற்கு வந்திருந்தார்.

இரவு விருந்து முடிந்தது. ஜனாதிபதி குதிரை வண்டியில் ஏறிப் புறப்பட்டார். தெருவின் இரு பக்கமும் மக்கள் கூட்டம். எங்கும் வாழ்த்தொலி.

திடீரென்று ஓர் இளைஞன் வண்டியின் மீது பாய்ந்தான். அவன் கையில் கத்தி! கண் மூடித் திறப்பதற்குள் ஜனாதிபதியின் வயிற்றில் குத்திவிட்டான்.

கல்லீரலுக்கு ரத்தத்தைக் கொண்டுபோகும் பெரிய குழாய் அறுந்துவிட்டது. பேர் பெற்ற டாக்டர்கள் ஓடி வந்தார்கள். வந்து என்ன பயன்? அறுந்த பெரிய ரத்தக் குழாயைத் தைத்து ஒட்டும் வித்தை அன்று டாக்டர்களுக்குக் கைவரவில்லை. சில மணி நேரத்தில் ஜனாதிபதி இறந்துபோனார்.

நாடே அழுதது.

லியோன் நகரில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு வாலிபரும் வருந்தினார். அவருக்கு 21 வயது நிறைய இன்னும் நாலே நாள் இருந்தது. மற்றவர்கள் வருந்தியதோடு நின்றுவிட்டார்கள். இவர் யோசித்தார். கிழிந்த துணியைத் தைக்கிறோம். கிழிந்த தோலையும் தைக்கிறோம். அறுந்த ரத்தக் குழாயை மட்டும் ஏன் தைக்க முடியாது? இந்தக் கேள்வி அவர் மனத்தில் முள்ளாகத் தைத்தது.

அந்த வாலிபர்தான் அலெக்சிஸ் கரேல்.

இன்று ஒருவருடைய கிட்னியை எடுத்து மற்றொருவருக்கு வைக்கிறார்கள். இறந்தவரின் இதயத்தை எடுத்து வேறொருவர் நெஞ்சில் துடிக்கச் செய்கிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் முதல் முடிச்சுப் போட்டவர்களில் தலையாயவர் கரேல். புகழின் உச்சிக்குப் போனவர் அவர். பழிச்சொல்லோடு கண் மூடியவரும் அவர்தான்.

தகப்பனை இழந்த பிள்ளை

கரேல் 1873-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி பிறந்தார். லியோன் நகரை அடுத்த ஒரு சிற்றூர்தான் அவர் பிறந்த இடம். தகப்பனார் துணித் தொழில் செய்தவர். பிள்ளை சிறுவனாக இருக்கும்போதே அவர் காலமாகிவிட்டார். தாயார்தான் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார்.

கரேலுக்கு ஞானஸ்நானத்தின்போது வைத்த பெயர் வேறு. இறந்துபோன தகப்பனாரின் பெயர்தான் அலெக்சிஸ். அந்தப் பெயரையே பிள்ளையும் தன் பெயராக ஏற்றுக்கொண்டார்.

ஆள் குள்ளம். கண்ணாடி போட்டிருப்பார். அவர் கண்களில் ஓர் அதிசயம் உண்டு. ஒரு கண் நீல நிறம். மற்றொரு கண் பழுப்பு நிறம்!

பூவேலை கற்ற டாக்டர்

ரத்தக் குழாயைத் தைப்பது எளிதல்ல. அது ஈரமான மெல்லிய குழல். பிடித்தால் வழுக்கும். ஊசி சற்றுப் பெரிதாக இருந்தால் ஓட்டை விழுந்து ரத்தம் கசியும். நூல் உட்புறம் துருத்திக்கொண்டு நின்றாலோ, அதன்மேல் ரத்தம் உறைந்து கட்டிக்கொள்ளும். பிறகு அடைத்துக்கொண்ட குழாய்தான்!

அப்படியானால் மெல்லிய ஊசி வேண்டும். மெல்லிய நூல் வேண்டும். அவற்றைக் கையாளும் விரலும் வேண்டும். இந்த மூன்றும் எங்கே கிடைக்கும்?

ஆஸ்பத்திரியில் கிடைக்காது. ஆனால் லியோன் நகரத்துத் தையல் அறைகளில் கிடைக்கும்! பட்டுத் துணியில் பூவேலை செய்யும் பெண்கள் அந்த ஊரில் நிறைய இருந்தார்கள். அவர்களில் கைதேர்ந்தவர் லெருதியே அம்மாள். கரேல் அந்த அம்மாளிடம் போய்ப் பாடம் கேட்டார்.

டாக்டருக்குப் படித்தவர் தையல்காரியிடம் மாணவராக உட்கார்ந்தார். கௌரவம் பார்க்கவில்லை. காகிதத்திலும் துணியிலும் தைத்துத் தைத்துப் பழகினார். ஊசி கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. நூலோ பட்டு நூல். அது வழுக்கிக்கொண்டு போகவும், ரத்தம் ஒட்டாமல் இருக்கவும் வாசலின் தடவிக்கொண்டார்.

மூன்று முடிச்சு

வட்டமான குழாயைச் சுற்றித் தைப்பது கஷ்டம். நேர்கோட்டில் தைப்பது சுலபம். இது தையல் தெரிந்த எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த சங்கதி. கரேலின் மூளை இங்கேதான் வேலை செய்தது.

அறுந்த இரண்டு முனைகளையும் அவர் நேருக்கு நேர் வைத்தார். சம தூரத்தில் மூன்று இடங்களில் மட்டும் தைத்து முடிச்சுப் போட்டார். பிறகு அந்த மூன்று நூல்களையும் மூன்று பக்கமாக இழுக்கச் செய்தார். என்ன ஆயிற்று? வட்டமாக இருந்த வாய் முக்கோணம் ஆகிவிட்டது! முக்கோணத்துக்கு மூன்று நேர்கோடுகள். ஒவ்வொரு கோட்டையும் வரிசையாகத் தைத்து முடித்தார். நூலைத் தளர்த்தியதும் குழாய் மறுபடியும் வட்டமானது. ரத்தம் தடையில்லாமல் ஓடியது.

மாங்கல்யத்துக்கு மூன்று முடிச்சு இரு குடும்பங்களை இணைக்கிறது. கரேல் போட்ட மூன்று முடிச்சு அறுந்த ரத்தக் குழாய்களை இணைத்தது. 1902-ம் ஆண்டு இந்த முறையை அவர் எழுதி வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 29 கூட நிறையவில்லை என்கிற அளவுக்கு இளமை.

சொந்த ஊர் கைவிட்டது

ஆனால் சொந்த ஊரில் அவருக்கு நல்ல பதவி கிடைக்கவில்லை.

அதே 1902-ல் அவர் லூர்து நகருக்கு யாத்திரைக் கூட்டத்தோடு டாக்டராகப் போனார். சாகக் கிடந்த ஒரு பெண் அங்கே திடீரென்று தேறியதைத் தம் கண்ணால் கண்டார். கண்டதை மறைக்காமல் சொன்னார். இதனால் இரு தரப்புக்கும் கோபம்! அவர் எதையும் நம்பிவிடுகிறவர் என்று டாக்டர்கள் ஏளனம் செய்தார்கள். அவர் போதிய அளவு நம்பவில்லை என்று பக்தர்கள் குறைபட்டார்கள்.

மனம் கசந்த கரேல் 1904-ம் ஆண்டு கப்பலேறி கனடா நாட்டுக்குப் போனார். மருத்துவத்தையே விட்டுவிட்டு மாடு வளர்த்துப் பிழைக்கலாமா என்றுகூட அவருக்கு ஓர் எண்ணம் இருந்தது. நல்ல வேளை! அமெரிக்காவில் சிக்காகோ பல்கலைக்கழகம் அவருக்கு இடம் கொடுத்தது. அங்கே சார்லஸ் கத்ரி என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து இரண்டு ஆண்டு உழைத்தார். 1906-ல் நியூயார்க் நகரத்து ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையம் அவரை அழைத்துக்கொண்டது.

அங்கே அவருடைய ஆபரேஷன் அறை ஒரு தினுசாக இருக்கும். எல்லோரும் கறுப்பு அங்கி அணிய வேண்டும். வெள்ளைத் துணியின் பளபளப்பு கண்ணைக் கூசச் செய்யும்; மெல்லிய நூல் தெரியாமல் போகும் என்பது அவர் கருத்து.

தந்தையின் ரத்தம்

1908-ம் ஆண்டு. நியூயார்க்கில் ஒரு டாக்டர் வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. குழந்தையின் உடம்பிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. எந்த மருந்துக்கும் நிற்கவில்லை. குழந்தை வெளுத்துத் துவண்டுவிட்டது.

குழந்தையின் தந்தையே டாக்டர்தான். ஆனாலும் கை பிசைந்து நின்றார். கடைசியில் கரேலுக்கு ஆள் போயிற்று.

வேறொருவரின் ரத்தத்தைச் சேமித்து வைத்து ஏற்றும் வசதி அன்று கிடையாது. கரேல் என்ன செய்தார் தெரியுமா? தந்தையைக் குழந்தையின் பக்கத்தில் படுக்க வைத்தார். தந்தையின் மணிக்கட்டில் இருந்த ரத்தக் குழாயைத் திறந்தார். குழந்தையின் முழங்காலுக்குப் பின்னால் உள்ள குழாயையும் திறந்தார். தீக்குச்சிப் பருமன் கூட இல்லாத அந்தக் குழாயைத் தந்தையின் குழாயோடு இணைத்துத் தைத்துவிட்டார்!

தந்தையின் ரத்தம் மகளின் உடம்பில் பாய்ந்தது. வெளுத்திருந்த உடம்பு மெல்லச் சிவந்தது. குழந்தை வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு வீடே மகிழ்ந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது.

பூவேலைத் தையல் ஓர் உயிரைக் காத்துவிட்டது.

நாய் சொன்ன பாடம்

ரத்தக் குழாயைத் தைக்க முடியுமானால், ஓர் உறுப்பையே எடுத்து வேறு இடத்தில் வைத்துத் தைக்கலாம் அல்லவா? கரேல் நாய்களையும் பூனைகளையும் வைத்துப் பரிசோதனை செய்தார்.

ஒரு பெண் நாயின் கிட்னியை வெளியே எடுத்தார். சற்று நேரம் வெளியிலே வைத்திருந்தார். பிறகு அதே நாய்க்கே அதைத் திரும்ப வைத்துத் தைத்தார். சில நாள் கழித்து மற்றக் கிட்னியை நீக்கிவிட்டார். தைத்து வைத்த ஒற்றைக் கிட்னியோடு அந்த நாய் ஆண்டுக்கணக்கில் ஓடியாடித் திரிந்தது. குட்டிகளும் போட்டது!

அடுத்து, ஒரு நாயின் கிட்னியை எடுத்து வேறு நாய்க்கு வைத்தார். தையல் கொஞ்சமும் குறையில்லை. ரத்தம் நன்றாக ஓடியது. கிட்னி வேலை செய்யவும் தொடங்கியது. ஆனால் கொஞ்ச நாள்தான். பிறகு அது வீங்கிக் கெட்டது. நாய் செத்தது.

திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். முடிவு ஒன்றுதான். தன்னுடையது என்றால் உடம்பு ஏற்கிறது. பிறருடையது என்றால் தள்ளுகிறது.

கரேலுக்கு உண்மை விளங்கிவிட்டது. கத்தியும் ஊசியும் செய்ய வேண்டிய வேலை முடிந்துவிட்டது. உடம்பு அந்நிய உறுப்பை எப்படியோ அடையாளம் கண்டு விரட்டுகிறது. அந்தக் காவலைச் சமாதானம் செய்யாத வரையில் மனிதருக்கு உறுப்பு மாற்ற முடியாது. இதை அவர் ஒளிக்காமல் சொன்னார். அந்தப் பூட்டுக்குச் சாவி அவருக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை.

ஆனாலும் உலகம் அவரைப் போற்றியது. 1912-ம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 39. சொந்த ஊர் கொடுக்காத மரியாதையை உலகம் கொடுத்தது.

புண்ணைக் கழுவிய மருந்து

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. கரேல் பிரான்சுக்குத் திரும்பிப் போர் வீரர்களுக்குச் சிகிச்சை செய்தார். அன்று பெனிசிலின் கிடையாது. குண்டு பட்ட புண்ணில் சீழ் வைக்கும். கையையோ காலையோ வெட்ட வேண்டி வரும். பலர் செத்தும் போவார்கள்.

ஹென்றி டேக்கின் என்ற இங்கிலாந்து ரசாயன நிபுணர் ஒரு கிருமிக்கொல்லி நீரைத் தயாரித்தார். கரேல் சிறு ரப்பர் குழாய்களைப் புண்ணுக்குள் வைத்து, அந்த நீரைச் சில மணிக்கு ஒரு முறை விட்டுக் கழுவும் முறையை வகுத்தார். வெட்டியிருக்க வேண்டிய எத்தனையோ கை கால்கள் தப்பின.

சாகாத இதயமா?

1912-ம் ஆண்டு ஜனவரியில் கரேல் இன்னொரு பரிசோதனை தொடங்கினார். கோழிக் கருவின் இதயத்திலிருந்து ஒரு துணுக்கு எடுத்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்தார். அது வளர்ந்துகொண்டே இருந்தது. கரேல் இறந்த பிறகும்கூட 1946 வரை அதை வளர்த்தார்கள். சாவே இல்லாத இதயம் என்று பத்திரிகைகள் எழுதின.

ஆனால் அது சரியல்ல என்று பின்னால் தெரிந்தது. சாதாரண உயிரணுக்கள் ஒரு கணக்குக்கு மேல் பெருகாது என்று லியோனர்டு ஹேப்ளிக் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1961-ல் காட்டினார். கரேலின் பாத்திரத்தில் ஊற்றிய சத்து நீரோடு புது உயிரணுக்களும் அவ்வப்போது சேர்ந்திருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். மேதையும் தவறுவது உண்டு.

விமானியும் டாக்டரும்

அட்லாண்டிக் கடலை 1927-ல் தன்னந்தனியாக விமானத்தில் கடந்த வீரர் சார்லஸ் லிண்ட்பர்க். அவருடைய மனைவியின் அக்காளுக்கு இதய வால்வு கெட்டுவிட்டது. ஆபரேஷன் செய்யும் நேரத்துக்கு மட்டும் இதயத்தின் வேலையை ஓர் இயந்திரம் செய்யக் கூடாதா என்று லிண்ட்பர்க் டாக்டர்களைக் கேட்டார். அவர்கள் கரேலைக் கைகாட்டினார்கள்.

1930-ல் இருவரும் சந்தித்தார்கள். லிண்ட்பர்க் கண்ணாடியாலேயே ஒரு பம்பு அமைத்தார். உடம்பிலிருந்து எடுத்த உறுப்பை அதில் வைத்துச் சத்து நீரை ஓட்டினார்கள். 1935-ல் ஒரு பூனையின் தைராய்டுச் சுரப்பி அதில் 18 நாள் உயிரோடு இருந்தது! எடுத்த உறுப்பைக் கெடாமல் காக்க இயந்திரம் வைக்கும் இன்றைய ஆஸ்பத்திரிகளுக்கு அந்தப் பம்பு ஒரு முன்னோடி.

ஆனால் மனைவியின் அக்காள் அதற்குள் இறந்துவிட்டார்.

அழியாத கறை

அதே 1935-ம் ஆண்டு கரேல் மனிதனைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது பல மொழிகளில் வந்தது. ஏராளமாக விற்றது. அதில்தான் அவர் வழுக்கி விழுந்தார்.

பிறவியிலேயே சிலர் உயர்ந்தவர்கள், சிலர் தாழ்ந்தவர்கள் என்றார். கொடிய குற்றவாளிகளையும், குற்றம் செய்த மனநோயாளிகளையும் வாயுவால் கொன்றுவிடலாம் என்றும் எழுதினார். அடுத்த ஆண்டு வந்த ஜெர்மன் பதிப்பின் முன்னுரையில் இட்லர் அரசாங்கம் எடுத்த நடவடிக்கைகளை மெச்சினார். பின்னால் ஜெர்மனியில் ஊனமுற்றவர்களையும் மனநோயாளிகளையும் ஆயிரக்கணக்கில் வாயு அறைகளில் கொன்றார்கள்.

இரண்டாம் உலகப் போரில் பிரான்சு தோற்றது. ஜெர்மனிக்கு இணங்கிய விஷி அரசாங்கம் ஏற்பட்டது. 1941-ல் அந்த அரசாங்கத்தின் ஆதரவோடு கரேல் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நடத்தினார். 1944 ஆகஸ்டில் பாரிஸ் விடுதலை பெற்றதும், எதிரிக்கு உடந்தையாக இருந்தார் என்று அவர் மீது பழி எழுந்தது. விசாரணை நடக்கவில்லை. அதற்குள் இதய நோயால் 1944-ம் ஆண்டு நவம்பர் 5-ந் தேதி இறந்துபோனார். வயது 71.

லியோன் நகரத்து மருத்துவக் கல்லூரி ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டியிருந்தார்கள். 1996-ல் அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். பல ஊர்களில் தெருப் பெயரையும் மாற்றினார்கள். அவர் கண்ட தையலை மட்டும் யாரும் எடுக்கவில்லை. எடுக்கவும் முடியாது.

பூட்டு திறந்தது

உடம்பின் காவல் படைதான் அந்நிய உறுப்பைத் தாக்குகிறது என்று 1940-களில் இங்கிலாந்தில் பீட்டர் மெடவார் நிரூபித்தார். 1954 டிசம்பர் 23-ந் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மர்ரே, ஒரே அச்சான இரட்டைச் சகோதரர்களில் ஒருவர் கிட்னியை மற்றவருக்கு வைத்தார். ஒரே கருவில் உருவானவர்கள் அல்லவா? உடம்பு தள்ளவில்லை. பெற்றவர் 8 ஆண்டு வாழ்ந்தார். கொடுத்தவர் 50 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

1967 டிசம்பர் 3-ந் தேதி தென்னாப்பிரிக்காவில் டாக்டர் பர்னார்டு மனித இதயத்தை மாற்றி வைத்தார். நோயாளி 18 நாள் வாழ்ந்தார். இந்தியாவில் வெற்றிகரமான முதல் கிட்னி மாற்றம் 1971-ல் நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நடந்தது. 1980-களில் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து புழக்கத்துக்கு வந்ததும் உறுப்பு மாற்றம் உலகெங்கும் பெருகியது.

நம் வீட்டில் எழும் கேள்விகள்

புது உறுப்பு வைத்தபின் மருந்து எத்தனை நாள்? உறுப்பு வேலை செய்யும் வரை, நாள் தவறாமல் சாப்பிட வேண்டும். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நிறுத்தினால், பல ஆண்டு கழித்துக்கூட உடம்பு உறுப்பைத் தள்ளிவிடும். கரேலின் நாய் சொன்ன பாடத்தை மறக்கக் கூடாது.

பழைய கிட்னியை எடுத்துவிடுவார்களா? பெரும்பாலும் எடுப்பதில்லை. புதியதை அடிவயிற்றில் ஒரு பக்கமாக வைத்துத் தைக்கிறார்கள்.

என்ன ஜாக்கிரதை வேண்டும்? மருந்து உடம்பின் காவலைத் தணிப்பதால் நோய்க் கிருமி எளிதில் தொற்றும். சுத்தமான நீரும், நன்றாக வெந்த உணவும் அவசியம். காய்ச்சல் வந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். பம்ப்ளிமாஸ் போன்ற சில பழங்கள் மருந்தின் வேகத்தை ஏற்றிவிடும், ஆகாது. நாட்டு மருந்தோ கடை மருந்தோ டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

வேலை செய்யலாமா? பிள்ளை பெறலாமா? பெரும்பாலோர் சில மாதங்களில் வேலைக்குத் திரும்புகிறார்கள். 1956-ல் இரட்டைச் சகோதரியிடம் கிட்னி பெற்ற ஓர் அமெரிக்கப் பெண் 1958-ல் குழந்தை பெற்றார். ஆனால் ஆபரேஷன் ஆகி ஓர் ஆண்டாவது பொறுத்து, டாக்டர் யோசனைப்படிதான் அந்த முடிவு எடுக்க வேண்டும்.

கொடுத்தவருக்கு ஆபத்தா? நன்கு சோதித்த பிறகே எடுப்பதால், ஒரு கிட்னியோடு பெரும்பாலோர் நலமாக வாழ்கிறார்கள். ஆனால் எந்த ஆபரேஷனிலும் கொஞ்சம் ஆபத்து உண்டு. ஆண்டுதோறும் ரத்த அழுத்தமும் சிறுநீரும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

புது உறுப்பு என்றென்றும் உழைக்குமா? எல்லோருக்கும் அல்ல. கிட்னி பலருக்குப் பத்து ஆண்டுக்கு மேலும் உழைக்கிறது. பழுதானால் டயாலிசிஸ் உண்டு. மீண்டும் மாற்றவும் இடம் உண்டு.

கையும் மனமும்

கரேல் மனிதரை உயர்ந்தவர், தாழ்ந்தவர் என்று பிரித்தார். அவர் கண்ட தையலோ அந்தப் பிரிவினையைக் கேட்கவில்லை. இன்று ஆபரேஷன் மேஜையில் ரத்த வகை பொருந்துகிறதா என்று பார்க்கிறார்கள். பணக்காரனா, ஏழையா, எந்த இனம் என்று உடம்பு பார்ப்பதில்லை. கூலிக்காரரின் இதயம் கோடீசுவரரின் நெஞ்சில் துடிக்கும்.

அவருடைய கை சொன்னதை அவருடைய மனம் கேட்கவில்லை. கையை நாம் போற்றுவோம். மனம் செய்த பிழையை நினைவில் வைப்போம்.